முந்தியிருக்கும்போதுதான் கவிழ்கிறது

என் மகள் சனிக்கிழமைகளில் சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட்டில் ஆப்டிமிஸ்ட் படகு ஓட்டுகிறாள். 2.3 மீட்டர் நீளம். குளியல் தொட்டிக்குப் பாய் கட்டிவிட்ட மாதிரி இருக்கும். அண்மையில் ஒரு பந்தயத்தில் ஹாரன் ஊதுவதற்கு ஒரு நொடி முன்பே அவள் படகின் மூக்கு தொடக்கக் கோட்டைத் தாண்டிவிட்டது. திரும்பி வந்து மறுபடி கிளம்புவதற்குள் மற்றவர்கள் போயே போய்விட்டார்கள். பஸ்ஸில் வீடு வரும்வரை அவள் வாயே திறக்கவில்லை.

சரி என்று அன்றிரவு இருவரும் அமெரிக்கா கோப்பை என்ற பாய்மரப் படகுப் போட்டியின் சேலஞ்சர் தொடரின் பழைய பந்தயங்களைப் பார்த்தோம். கோப்பையைக் கையில் வைத்திருக்கும் அணியோடு மோதப்போவது யார் என்று முடிவு செய்யும் தொடர் இது. 1983இல் தொடங்கிப் பெரும்பாலும் லூயி விட்டோன் கோப்பை என்ற பெயரில் நடக்கிறது. 2021இல் மட்டும் பிராடா கோப்பை. கோடிகளைக் கொட்டும் அணிகளும் கோட்டை முன்னாலேயே தாண்டி, அதற்குத் தண்டனையாக வேகத்தைக் குறைத்துப் பின்தங்குவதைப் பார்த்தபோது அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

ஆனால் பெரிய தவறுகள் கோட்டருகே நடப்பதில்லை. 2021 ஜனவரி 17, ஆக்லாந்து. அதுவரை ஒரு வெற்றியும் காணாத அமெரிக்க அணி அமெரிக்கன் மேஜிக், அன்று இத்தாலிய அணி லூனா ரோஸாவுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. கடைசித் திருப்பம். பலத்த காற்று வருகிறது. நிதானமாகச் சுற்றியிருந்தாலும் முன்னிலை போயிருக்காது. இவர்களோ பாயை மறுபக்கம் மாற்றிய கையோடு காற்றை விட்டு விலகித் திரும்பினார்கள். படகு ஆகாயத்தில் எழும்பி, பக்கவாட்டில் விழுந்தது, படகின் உடலில் ஓட்டை. போட்டி அணிக்காரர்களும் ஓடி வந்து மிதக்க வைத்தார்கள். பழுதுபார்த்து அரையிறுதிக்கு வந்தும் 0-4 தோல்வி. என்னைக் கேட்டால், அந்த ஒரு திருப்பத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

அடுத்த தவறு, எதிராளியின் வாலைப் பிடித்தே ஓடுவது. முன்னால் போகும் பாய் கலக்கிவிட்ட எச்சில் காற்றுதான் பின்னால் வருபவருக்குக் கிடைக்கும். இந்தப் படகுகள் நீருக்கடியில் உள்ள இறக்கைகளின் மேல் எழும்பி ஓடுபவை. வேகம் போனால் தண்ணீரில் உட்கார்ந்துவிடும், எழுவது பெரும்பாடு. அதே ஆண்டு அமெரிக்கா கோப்பைக்கான இறுதிப் போட்டியின் எட்டாவது பந்தயத்தில், கோப்பையைக் கையில் வைத்திருந்த நியூசிலாந்து அப்படித்தான் உட்கார்ந்தது. லூனா ரோஸா வெகுதூரம் போய்விட்டது. அப்புறம் காற்று செத்து அதுவும் உட்கார்ந்தது! கடைசியில் நியூசிலாந்து கிட்டத்தட்ட 4 நிமிட வித்தியாசத்தில் ஜெயித்தது. நம் ஊர்க் காற்றும் இப்படித்தான்: ஒரு நிமிடம் செத்துக் கிடக்கும், அடுத்த நிமிடம் சுமத்ரா பக்கமிருந்து கருமேகத்தோடு அடிக்கும்.

படகை நம்பிவிடுவதும் ஒரு தவறு. 1995 மார்ச் 5, சான் டியேகோ கடல். ஆஸ்திரேலிய அணியின் ஒன்ஆஸ்திரேலியா படகு நடுவில் முறிந்து சில நிமிடங்களில் மூழ்கியது. ஆட்கள் எல்லோரும் தப்பினார்கள். பழைய படகு ஒன்று கையில் இருந்ததால் அணி தொடரின் இறுதிச் சுற்றுவரை போனது. அந்த வீடியோவை மகள் மூன்று தரம் பார்த்தாள்.

இப்போதெல்லாம் தண்ணீரில் இறங்கும் முன் பாய்மரத்தைப் பிடித்திருக்கும் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்க்கிறாள். கரையிலிருந்து "கட்டியாச்சா?" என்று நான் கத்தினால் மட்டும் முறைக்கிறாள்.