கேப் டவுனிலிருந்து ஒரே நாளில் பென்குயின், திமிங்கிலம், ஒயின்: ஆறு பேருக்கான செய்முறை

கடல் முதலில், ஒயின் பிறகு. இந்த வரிசை மாறினால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் நாள் கெட்டுவிடும். பலர், திமிங்கிலம் பார்க்கப் போகும் ஹெர்மானஸ் ஊருக்குள் நுழைகிற வழியில் இருக்கிறதே என்று ஹெமல்-என்-ஆர்டா பள்ளத்தாக்கின் ஒயின் பண்ணையில் முதலில் இறங்கிவிடுகிறார்கள். பத்து கிளாஸ் ருசி பார்த்த வயிற்றோடு படகில் ஏறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிற்பகலில் பெரும்பாலும் காற்று ஏறிக் கடல் முழுக்க வெள்ளை நுரை கிளம்பும்; அந்த நுரைக்கு நடுவே திமிங்கிலத்தின் மூச்சைக் கண்டுபிடிப்பது வைக்கோற்போரில் ஊசி தேடுகிற கதைதான்.

விமான டிக்கெட், விசா, ஹோட்டல் எல்லாம் இங்கே கிடையாது. கேப் டவுனில் காலை ஆறு மணிக்கு விழித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

1. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

சதர்ன் ரைட் திமிங்கிலங்கள் தென்முனைக் குளிர்கடலில் மேய்ந்துவிட்டு, குட்டி ஈனவும் இணை சேரவும் தென்னாப்பிரிக்கக் கரைக்கு வருகின்றன. ஹெர்மானஸ் ஊரின் முன்னால் விரியும் வாக்கர் பே அவற்றுக்குப் பிடித்த இடங்களில் ஒன்று. பருவம் ஜூன் முதல் நவம்பர் வரை. ஆகஸ்ட் பாதியிலிருந்து அக்டோபர் முடிய உள்ள நாட்களே என் தேர்வு: தாயும் குட்டியுமாகக் கரையோரம் மிதப்பவை அப்போது அதிகம், ஜூன், ஜூலையின் மழைக்காற்றும் தணிந்திருக்கும். செப்டம்பர் கடைசியில் ஹெர்மானஸில் திமிங்கிலத் திருவிழா நடக்கும். கூட்டம் பிடிக்குமென்றால் போகலாம். ஒயினும் பார்க்க வேண்டுமென்றால் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள், வண்டி நிறுத்தவே அரை நாள் போய்விடும்.

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை போகிறவர்கள் இந்தத் திமிங்கிலங்களை மறந்துவிடலாம். பென்குயின் ஆண்டு முழுவதும் உண்டு.

2. ஆறு பேர், ஒரு ஓட்டுநர்

ஏழு இருக்கை வண்டி ஒன்று எடுத்தால் ஆறு பேரும் ஓட்டுநரும் சரியாக அடங்குவார்கள். எட்டுக்கு மேல் போனால் பண்ணைகள் தனி முன்பதிவு கேட்கும், மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மேசை தேட வேண்டும், ஒவ்வொரு நிறுத்தத்திலும் கழிப்பறைக்கே இருபது நிமிடம் கரையும்.

ஓட்டுநர் குடிக்கக் கூடாது. "ருசிதானே பார்க்கிறோம், முழு கிளாஸா குடிக்கிறோம்?" என்பவர்களுக்காக ஒரு கணக்கு. ருசி பார்க்க ஒரு முறை ஊற்றுவது சுமார் 30 மி.லி. ஐந்து வகை என்றால் 150 மி.லி. ஒயினில் 13.5 சதவீதம் ஆல்கஹால் இருந்தால் அது ஏறத்தாழ 16 கிராம். அறுபது கிலோ எடையுள்ள பெண் அதை வாளியில் துப்பாமல் (துப்புவது பற்றி 8-இல்) சட்டென்று விழுங்கினால் ரத்தத்தில் 100 மி.லி.க்கு 0.05 கிராமை ஒட்டி நிற்கும். தென்னாப்பிரிக்காவின் சட்ட வரம்பும் 0.05தான், தொழில்முறை ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர்களுக்கு 0.02. அதாவது ஒரே பண்ணையோடு கதை முடிந்தது. நாம் போவதோ இரண்டு பண்ணைக்கு.

ஆறு பேரில் ஒருவரைக் குடிக்காமல் உட்கார வைப்பதைவிட, ஓட்டுநர்-வழிகாட்டி ஒருவரை அமர்த்துவது நல்லது. செலவை ஆறாகப் பிரித்தால் பாரம் தெரியாது. தென்னாப்பிரிக்காவில் வழிகாட்டிகள் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது சட்டம். பதிவு அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

3. முன்பதிவு: முதலில் படகு

படகு வேண்டுமென்றால் ஹெர்மானஸ் புதுத் துறைமுகத்திலிருந்து காலைப் பயணத்தை முதலில் உறுதி செய்யுங்கள். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பிடிக்கும். அதற்கேற்பச் சாப்பாடு, அதற்கேற்பப் பண்ணை. காற்று கூடினால் படகை ரத்து செய்வார்கள். பணம் திரும்ப வருமா, தேதி மட்டும் மாறுமா என்பதைப் பதியும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பண்ணை விஷயத்தில் எல்லோரும் சறுக்குகிற இடம் கிழமை. பல பண்ணைகள் சனிக்கிழமை சீக்கிரம் மூடிவிடும். சில ஞாயிற்றுக்கிழமை திறப்பதே இல்லை. செவ்வாய் முதல் வெள்ளிக்குள் ஒரு நாளை எடுத்துக்கொண்டால் இந்தத் தலைவலி இல்லை.

4. போகும் வழி வேறு, வரும் வழி வேறு

காலை 7 மணிக்குக் கிளம்புங்கள். என்2 நெடுஞ்சாலையில் சாமர்செட் வெஸ்ட் வரை போய், ஆர்44 சாலைக்குத் திரும்பி கார்டன்ஸ் பே ஊரைப் பிடியுங்கள். அங்கிருந்து ரூய் எல்ஸ் வரை ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஃபால்ஸ் பே கடல். கிளாரன்ஸ் டிரைவ் என்று பெயர். கிளம்பும் முன் இந்தச் சாலை திறந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், பாறைச்சரிவால் அவ்வப்போது மூடுவார்கள். மூடியிருந்தால் என்2 வழியாகவே பாட் ரிவர் போய், ஆர்43-இல் ஹெர்மானஸ் பக்கம் இறங்குங்கள். பென்குயினுக்குக் கிளைன்மண்ட் வழியாகப் பின்னோக்கி வர வேண்டியிருக்கும்.

திரும்பும்போது கிளாரன்ஸ் டிரைவ் வேண்டாம். இருட்டிவிட்டால் வளைவுகள் மட்டும்தான் மிஞ்சும், காட்சி எதுவும் தெரியாது. பாட் ரிவர், சர் லவ்ரிஸ் கணவாய் வழியாக என்2-இல் வந்தால் ஏறத்தாழ 120 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். கணவாயில் மூடுபனி இறங்கும் நாளில் கூடுதலாக அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

5. ஸ்டோனி பாயிண்ட்: முக்கால் மணி நேரம் போதும்

பெட்டிஸ் பே ஊரில் உள்ள இந்த முனை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திமிங்கிலங்களை வெட்டிய நிலையம். இன்று ஆப்பிரிக்கப் பென்குயின்கள் கூடு கட்டும் இடம். கேப்நேச்சர் அமைப்பு பராமரிக்கிறது, நுழைவுக் கட்டணம் உண்டு. பலகை நடைபாதையில் போய்த் திரும்பி வருவதுதான் வேலை. முழங்கால் உயரப் பறவை கையெட்டும் தூரத்தில் நிற்கும். நீட்டிவிடாதீர்கள், அலகு கத்தி மாதிரி.

2024-இல் இந்த இனத்தை "மிக அருகிவிட்ட" பட்டியலில் சேர்த்தார்கள். நடைபாதையை விட்டு இறங்காதீர்கள் என்று பலகை வைத்திருப்பதற்குக் காரணம், கூடுகள் புதர்களுக்கு அடியிலேயே இருப்பது. இறகு உதிர்ந்து அலங்கோலமாக நிற்பதைப் பார்த்து "உடம்பு சரியில்லை போல" என்று கவலைப்பட வேண்டாம். பழைய இறகு உதிர்ந்து புதிது முளைக்கிற மூன்று வாரமும் அது கடலில் இறங்காது, சாப்பிடாது. தொந்தரவு செய்தால் அதற்காக உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பு வீணாகும்.

பாறைகளில் நீர்க்காகங்களும், பெருச்சாளியும் முயலும் கலந்தாற்போன்ற டாசிகளும் இருக்கும். இந்த வட்டாரத்தில் பபூன் குரங்குகள் நடமாட்டம் உண்டு. கார் கதவைப் பூட்டுங்கள், வாழைப்பழத்தைக் கண்ணில் படும்படி வைக்காதீர்கள்.

6. திமிங்கிலத்தைக் கண்டுபிடிப்பது

பத்தரை மணிக்கு ஹெர்மானஸ். படகில் போகாதவர்கள் ஏமாந்துபோனதாக நினைக்க வேண்டாம். உலகில் கரையிலிருந்தே திமிங்கிலம் பார்க்கச் சிறந்த இடங்களில் இந்த ஊர் ஒன்று. கியரிங்ஸ் பாயிண்ட், பழைய துறைமுகம் இரண்டில் ஏதாவது ஒன்றில் நில்லுங்கள். இன்னும் நடக்கத் தெம்பிருந்தால் பாறைமேட்டின் விளிம்பிலேயே சுமார் 12 கிலோமீட்டருக்குப் பாதை ஓடுகிறது. இங்கே கடல் தெற்கே, சூரியன் வடக்கே. வெளிச்சம் எப்போதும் முதுகுப் பக்கம் இருப்பதால் கண் கூசாது.

புதியவர்கள் செய்கிற தவறு, வந்ததும் பைனாகுலரைக் கண்ணில் வைப்பது. வேண்டாம். முதலில் வெறுங்கண்ணால் கடலை இடமிருந்து வலமாக மெதுவாகத் துழாவுங்கள். தேட வேண்டியது உடலை அல்ல, மூச்சை. சதர்ன் ரைட் திமிங்கிலத்துக்கு இரண்டு மூச்சுத் துளைகள் விலகியிருப்பதால் நீராவி "வி" வடிவில் பிரிந்து எழும். பக்கவாட்டில் பார்த்தால் ஒற்றைப் புகை போலவே தெரியும், குழம்ப வேண்டாம். மூச்சு தெரிந்த இடத்தைக் கரையில் ஏதாவது ஒரு பாறையோடு பொருத்தி மனதில் வைத்துக்கொண்டு, அப்புறம் பைனாகுலரைத் தூக்குங்கள்.

அடுத்த குழப்பம் கெல்ப் கடற்பாசி. அலையில் கறுப்பாகப் பளபளத்து எழுந்து அமிழும், அச்சு அசல் திமிங்கில முதுகு. ஒரு நிமிடம் பாருங்கள். அதே இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தால் பாசி. நகர்ந்தால், முதுகில் துடுப்பே இல்லாமல் வழவழவென்று இருந்தால், தலையில் சுண்ணாம்பு அப்பியது போல வெள்ளைத் தடிப்புகள் இருந்தால், அதுதான். முதுகில் துடுப்பு தெரிந்தால் ஹம்ப்பேக்காகவோ பிரைட்ஸ் திமிங்கிலமாகவோ இருக்கும்.

முழுகிய பிறகு நீர்ப்பரப்பில் எண்ணெய் சிந்தியது போல ஒரு வழவழப்பான வட்டம் தங்கும். வால் அடித்த தடம் அது. அதைவைத்து எந்தத் திசையில் போகிறது என்று கணிக்கலாம். துள்ளிப் பாய்ந்து விழுந்தால் உடனே கேமராவைத் தூக்குங்கள். பெரும்பாலும் ஒன்றோடு நிற்காது, அடுத்தடுத்துப் பாயும். முதல் பாய்ச்சலைப் படமெடுக்க முயல்வது வீண்.

பைனாகுலரில் 8x42, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது, வாங்குங்கள். 10x50 அதிகம் காட்டும் என்பது கடைக்காரர் பேச்சு. கடல் காற்றில் கை நடுங்கும்போது அந்தப் பத்து மடங்கும் சேர்ந்து நடுங்கும், படகில் கேட்கவே வேண்டாம். கைபேசி கேமராவைப் பையிலேயே வைத்துவிடுங்கள்.

படகில் போகிறவர்களுக்கு: அனுமதி பெற்ற படகு 50 மீட்டர் வரை நெருங்கலாம், மற்றவை 300 மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும். அனுமதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். வாந்தி மாத்திரையைப் புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்பாவது போட வேண்டும், படகு ஆடத் தொடங்கிய பிறகு போட்டால் பயனில்லை. ஆனால் அந்த மாத்திரைகளில் பலவும் தூக்கம் வரவழைப்பவை, ஒயினோடு சேர்ந்தால் இரட்டிப்பாகும். மாத்திரை போட்டவர் பிற்பகலில் துப்புகிற கட்சியில் சேர்ந்துவிட வேண்டும்.

7. சாப்பாடு

ஒரு மணிக்கு. வறுத்த மீன், ரொட்டி, தண்ணீர். பெரி-பெரி மிளகாய்ச் சாறு மேசையில் இருக்கும், நம் கை தானாகப் போகும். அடக்குங்கள். காரம் நாக்கில் இருந்தால் ஒயினின் ஆல்கஹால் நெருப்பாக எரியும், துவர்ப்பு முரடாகத் தெரியும்.

8. ஒயின்: இரண்டு பண்ணை, ஒரே திராட்சை

கைகழுவுவதிலிருந்து தொடங்க வேண்டும். காலை முழுவதும் கடலோரம் இருந்ததால் கையில் சன்ஸ்கிரீன் வாசம், உதட்டில் உப்பு. கிளாஸை மூக்கருகே கொண்டு போனால் சன்ஸ்கிரீனைத்தான் முகர்வீர்கள். உப்பு கசப்பை அமுக்கிவிடும் என்பதால் ஒயின் உண்மையைவிட மென்மையாகத் தெரியும். முகம், கை, உதடு மூன்றையும் கழுவி ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள். செண்ட் அறவே கூடாது.

ஹெமல்-என்-ஆர்டா என்றால் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் வானமும் பூமியும். கடற்காற்று உள்ளே வருவதால் குளிர்ச்சியான இடம். பினோ நுவார் என்ற சிவப்பு ஒயின் திராட்சை, ஷார்டனே என்ற வெள்ளை ஒயின் திராட்சை இரண்டும்தான் இங்கே ராஜா ராணி. ஹெர்மானஸிலிருந்து ஆர்320 சாலையில் ஏறினால் பள்ளத்தாக்கு, மேல் பள்ளத்தாக்கு, முகடு என்று மூன்று பகுதிகள் அடுத்தடுத்து வரும். பலர் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற மூன்று பண்ணைகளில் ஏறி இறங்கி, எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்று சலித்துக்கொள்கிறார்கள். கீழே ஒன்று, மேலே ஒன்று போங்கள். கீழே 1975-இல் டிம் ஹாமில்டன் ரஸல் தொடங்கிய ஹாமில்டன் ரஸல் தோட்டம் அல்லது 1989-இல் வந்த பூஷார் ஃபின்லேசன். மேலே நியூட்டன் ஜான்சன் அல்லது முகட்டில் கிரியேஷன். இரண்டிலும் பினோ நுவார் கேளுங்கள். அதே திராட்சை, வேறு மண், வேறு உயரம். வித்தியாசம் நாக்கிலேயே தெரியும்.

ஹாமில்டன் ரஸல் குடும்பம் ஒயின் விற்கும் இன்னொரு பெயர் சதர்ன் ரைட். காலையில் பார்த்த அதே திமிங்கிலத்தின் பெயர்தான். அதில் பினோடாஜ் கிடைக்கும்: 1925-இல் ஸ்டெல்லன்போஷில் ஆபிரகாம் பெரோல்டு, பினோ நுவாரையும் சான்சோ என்ற இன்னொரு திராட்சையையும் கலந்து உண்டாக்கிய உள்ளூர் ரகம்.

வெள்ளை முதலில், சிவப்பு பிறகு. கிளாஸைத் தண்டில் பிடியுங்கள். ஒரு முகர்தல், ஒரு சுழற்றல், மறுபடி முகர்தல். ஒரு சின்ன வாய் எடுத்து ஐந்து விநாடி வாய்க்குள் உருட்டுங்கள். பினோ நுவார் வெளிறித் தெரிந்தால் தண்ணீர் கலந்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். தோல் மெல்லிய திராட்சை, அதன் நிறமே அவ்வளவுதான்.

இப்போது துப்புவது. நம்மவர்கள் தடுமாறுவது இங்கேதான். காசு கொடுத்ததைத் துப்புவதா, அதுவும் நாலு பேர் முன்னால்? கூச்சம் வேண்டாம், மேசைமேல் வாளி வைத்திருப்பதே அதற்குத்தான். ஊற்றியவர் கோபித்துக்கொள்ள மாட்டார். துப்புகிறவரைத்தான் விவரம் தெரிந்தவர் என்று நினைப்பார். வாளியைக் கையில் எடுத்து முகத்தருகே கொண்டு வாருங்கள், உதட்டைக் குவியுங்கள், ஒரே மூச்சில் வேகமாகத் துப்புங்கள். தயங்கித் தயங்கித் துப்பினால்தான் மோவாயில் வழியும். காலையில் பல் துலக்கும்போது தண்ணீரில் இரண்டு நாள் பழகிப் பாருங்கள். வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம்.

பண்ணைக்கு ஒரு மணி நேரம் பத்து நிமிடம். 4:45-க்குக் கிளம்பினால் ஆகஸ்ட் மாதத்திலும் வெளிச்சத்திலேயே கணவாயைத் தாண்டிவிடலாம்.

9. பாட்டில் வாங்குகிறவர்களுக்கு

இந்தியா திரும்புகிற பெரியவர் ஒருவருக்கு 2 லிட்டர் மது வரை சுங்க வரி இல்லை. 750 மி.லி. பாட்டில் என்றால் இரண்டு. கைப்பையில் ஏற்ற விடமாட்டார்கள், பெட்டிக்குள் துணி சுற்றித்தான் வைக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் கட்டிய விற்பனை வரியை (VAT) திரும்பப் பெற நினைத்தால் பண்ணையில் முழு வரி ரசீது வாங்குங்கள். அங்கிருந்து கிளம்பும் விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கும் முன் பாட்டிலைக் காட்டி முத்திரை பெற வேண்டும். பெட்டி உள்ளே போன பிறகு நினைவு வந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

பிற்சேர்க்கை

ஒயின் சைவமா என்று சைவக்காரர்கள் கேட்டிருந்தார்கள்: ஒயினைத் தெளிய வைக்கச் சில பண்ணைகளில் முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், மீனிலிருந்து எடுக்கும் பசை ஆகியவற்றைப் பயன்படுத்துவதுண்டு. வடிகட்டாமலும் தெளிய வைக்காமலும் அடைப்பவையும் உண்டு. எந்த பாட்டில் எப்படி என்று ஊற்றுகிறவரிடமே கேளுங்கள். கூட வைக்கும் தட்டில் பில்டாங் என்றால் உலர்த்திய இறைச்சி.

குழந்தைகளோடு போகலாமா என்றால், போகலாம். பதினெட்டு வயதுக்குக் கீழ் ஒயின் கிடையாது, சில இடங்களில் திராட்சைச் சாறு தருவார்கள். காலையில் பென்குயினைப் பார்த்த உற்சாகம் இரண்டாவது பண்ணைக்குள் தீர்ந்துவிடும் என்பதால், குழந்தை இருந்தால் பண்ணையை ஒன்றாகக் குறைத்து, மிஞ்சும் நேரத்தைப் பாறைமேட்டுப் பாதைக்குக் கொடுங்கள்.