வீட்டில் பாதிப் பேர் எழுந்து போகிற போலீஸ் தொடரை எல்லோருமாகப் பார்ப்பது எப்படி

வில்லிவாக்கத்தில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு சனிக்கிழமை ராத்திரி ஐந்து பேர் உட்கார்ந்து ஒரு போலீஸ் தொடர் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது எபிசோடில் லாக்கப் சீன் வந்தது. சந்தேகத்தின் பேரில் கூட்டி வந்த பையனைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, குப்புறப் படுக்கவைத்து, உள்ளங்காலில் லத்தியால் அடிக்கிறார்கள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து சமையலறைக்குப் போய் ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களை மறுபடியும் கழுவ ஆரம்பித்தார். "இப்படித்தான் நடக்கும், இதுதான் நிஜம்" என்று தம்பி சோபாவின் நுனிக்கு வந்துவிட்டான். அவன் மனைவி போனை எடுத்துக்கொண்டாள். காவல்துறையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்ற மாமா மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, ஆனால் ரிமோட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். பாதியில் அணைத்தோம். அப்புறம் "உங்களுக்கெல்லாம் சீரியல்தான் லாயக்கு" என்று தம்பி சொல்லப்போக, சாப்பாட்டு நேரத்தில் நல்ல சண்டை.

அதற்குப் பிறகும் ஒன்றாக நிறைய பார்த்திருக்கிறோம், சண்டை இல்லாமல். பிடிக்கவில்லை என்று சொல்கிற ஐந்து பேரும் ஒரே விஷயத்தைச் சொல்வதில்லை என்பது புரிய எங்களுக்கு நாளாயிற்று. ஒருத்தருக்கு ரத்தம் ஆகாது, ஒருத்தருக்குக் கெட்ட வார்த்தை ஆகாது, ஒருத்தருக்குப் பழைய ஞாபகம் வந்துவிடுகிறது, மாமா மாதிரி ஆட்களுக்கு வேலையைத் தப்பாகக் காட்டினால் எரிச்சல். எது யாருக்கு என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதனால் முதல் காரியமாக, அடுத்த முறை யாராவது எழுந்து போனால் "ஏன், பயமா இருக்கா?" என்று கிண்டல் செய்யாமல், மறுநாள் காபி குடிக்கும்போது எந்த இடத்தில் பிடிக்கவில்லை என்று கேளுங்கள். அன்றைக்கு ராத்திரியே கேட்டால் சரியான பதில் வராது.

தொடரைத் தேர்ந்தெடுக்கும்போது திரையின் மூலையில் வரும் சின்ன எழுத்துகளைப் படியுங்கள், முடிந்தால் சத்தமாக. 2021ஆம் ஆண்டு மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி ஓடிடி தளங்கள் ஒவ்வொரு தொடருக்கும் யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என்று வயது வகை போட வேண்டும், உள்ளே வன்முறை இருக்கிறதா, கெட்ட வார்த்தை இருக்கிறதா என்பதையும் ஆரம்பத்திலேயே சொல்ல வேண்டும். யு/ஏ 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டு வசதி கட்டாயம். வீட்டில் பத்தாவது படிக்கிற பிள்ளை இருந்தால் அந்தப் பூட்டுக்கு ஒரு பின் நம்பர் போட்டு வையுங்கள், ரெண்டு நிமிஷ வேலை.

ஆனால் அந்த எழுத்துகள் முழுக்கதையைச் சொல்லாது. வன்முறை என்று போட்டிருப்பார்கள், எப்படிப்பட்ட வன்முறை என்று போட மாட்டார்கள். டெல்லியில் 2012இல் நடந்த கொடூரத்தை வைத்து எடுத்த 'டெல்லி க்ரைம்' முதல் சீசனில் அந்தக் குற்றத்தை நேரடியாகக் காட்டவே இல்லை. மருத்துவமனையிலும் ஸ்டேஷனிலும் இருப்பவர்களின் முகத்திலேயே நமக்கு எல்லாம் தெரிந்துவிடும். 2020இல் சர்வதேச எம்மி விருது வாங்கிய தொடர் அது. பெண் பிணத்தை அலங்காரப் பொருள் மாதிரி கேமரா சுற்றிச் சுற்றிக் காட்டும் தொடர்களும் இருக்கின்றன. இரண்டுக்கும் மூலையில் கிட்டத்தட்ட அதே எச்சரிக்கைதான். அதனால் வீட்டில் தாங்கும் மனசு உள்ள ஒருத்தர் முதல் எபிசோடை ஹெட்போன் போட்டுத் தனியாகப் பார்த்துவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் அது என் வேலை. நான் கவனிப்பது ஒன்றே ஒன்று: செத்துக் கிடக்கும் பெண்ணுக்கு அந்தக் கதையில் பெயரும் வாழ்க்கையும் இருக்கிறதா, இல்லை வெறும் ஆரம்பப் புள்ளியா. 2022இல் வந்த 'வதந்தி'யில் இறந்த பெண்ணைப் பற்றி ஊரும் பத்திரிகையும் ஆளுக்கொன்று பேசுவதுதான் கதையே. அம்மாவுக்கு அது கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனாலும் எட்டு எபிசோடும் பார்த்தார். பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றிய பேச்சு எப்படிப் பரவும் என்பது அவருக்குத் தெரிந்த விஷயம்.

மொழி விஷயத்தில் நான் சொல்வதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இந்தித் தொடரையோ இங்கிலீஷ் தொடரையோ பார்த்துவிட்டு "என்னா ரியலா எடுத்திருக்கான்" என்று சொல்கிற அதே ஆள், தமிழ்த் தொடர் வந்தால் "இவ்ளோ அசிங்கமா பேசணுமா" என்பார். எழுதியவரின் குறை எல்லா நேரத்திலும் இல்லை இது. வேற்று மொழிக் கெட்ட வார்த்தை நம் காதுக்கு வெறும் சத்தம். தமிழில் வரும்போது அது தெருமுனையில் நிஜமாகக் கேட்டது, யாரோ நம்மைப் பார்த்தே சொன்னது. டப்பிங்கில் அந்த வார்த்தைகள் பெரும்பாலும் மழுங்கிப்போய் வரும், அதனால் வலிக்காது. கூடவே அந்த ஆட்களின் ஊரும் சாதியும் பதவியும் பேச்சில் தெரியாமல் போய்விடும். பெரியவர்களோடு பார்க்கும்போது டப்பிங் சௌகரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் தமிழிலேயே எழுதி எடுத்த தொடரை மூலக் குரலோடுதான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. "கெட்ட வார்த்தை வரும்மா" என்று முன்னாடியே ஒரு வரி சொல்லிவிட்டால் அம்மா சமாளித்துக்கொள்கிறார். சொல்லாமல் போட்டால்தான் மருமகள் முன்னாடி கூச்சப்படுகிறார்.

ராத்திரி எத்தனை மணிக்குப் பார்க்கிறோம் என்பதும் முக்கியம். சாப்பிடும்போது வேண்டவே வேண்டாம். ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு எபிசோட். தானாக அடுத்தது ஓடும் வசதியை அமைப்பில் போய் அணைத்துவிடுங்கள், ஏனென்றால் பேச வேண்டிய நேரத்தை அந்தச் சில விநாடி எண்ணிக்கை சாப்பிட்டுவிடும். அப்புறம், சென்னை அபார்ட்மென்டில் இருப்பவர்கள் ஜன்னலைச் சாத்துங்கள். ஒருமுறை மே மாதப் புழுக்கத்தில் எல்லாவற்றையும் திறந்துபோட்டு ஒரு விசாரணைக் காட்சி பார்த்தோம். கீழ்வீட்டு அம்மா வேகவேகமாக மாடியேறி வந்து கதவைத் தட்டி, "யாரை அடிக்கிறாங்க?" என்று கேட்டார். டிவி என்று சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. நாங்கள் பொழுதுபோக்காகப் பார்த்துக்கொண்டிருந்த சத்தம் வெளியில் இருந்து கேட்டால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்போது லாக்கப் காட்சிக்கு வருவோம், சண்டை வருவதே அங்கேதானே. காட்சி முடிந்ததும் நிறுத்திவிட்டு இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். அடி விழும்போது கேமரா யாரோடு நின்றது? அடிக்கிறவர் தோளுக்குப் பின்னால் நின்று, பின்னணி இசையும் ஏறி, அடி முடிந்ததும் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நடந்தால், நம்மைக் கைதட்டச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். 'விசாரணை' படம் பார்த்தவர்களுக்கு எதிர்ப்பக்கம் எப்படி இருக்கும் என்று தெரியும். தானே லாக்கப்பில் கிடந்த மு. சந்திரகுமார் எழுதிய நாவலில் இருந்து வந்த படம் அது, அடிபடுகிறவர்களை விட்டு நகரவே நகராது. இரண்டு படைப்புகளிலும் அடி ஒன்றுதான், பார்க்கிற நம்மை எங்கே நிறுத்துகிறார்கள் என்பது வேறு. அம்மா எழுந்து போனது அடியைப் பார்த்து என்றுதான் நினைத்திருந்தேன். கேட்டபோது, "அடிச்சிட்டு டீ குடிக்கிறான், அதுக்கு ஒரு பாட்டு போடுறாங்க" என்றார்.

இரண்டாவது கேள்வி: அந்த அடியால் கேஸுக்கு என்ன ஆயிற்று? பல தொடர்களில் அடிக்கிறார்கள், அவன் ஒப்புக்கொள்கிறான், கேஸ் முடிந்தது. நம் சட்டத்தில் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் குற்றத்தை நிரூபிக்கச் செல்லாது. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25ஆவது பிரிவு சொன்னது அது, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 23ஆவது பிரிவாக அப்படியே தொடர்கிறது. காவலில் இருப்பவர் சொன்னதை வைத்து ஒரு பொருளைக் கண்டெடுத்தால், அந்தக் கண்டெடுப்போடு தொடர்புடைய பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்த வேண்டும், பயண நேரம் போக. இதெல்லாம் தெரிந்துகொண்டு பாருங்கள், நல்ல தொடரும் மோசமான தொடரும் தானாகப் பிரிந்துவிடும். நல்ல தொடரில் அந்த அடி பின்னாடி வந்து கடிக்கும்: கோர்ட்டில் கேஸ் நிற்காது, நிஜக் குற்றவாளி வெளியே திரிவான், அடித்த கான்ஸ்டபிளுக்குத் தூக்கம் வராது. மோசமான தொடரில் அடுத்த எபிசோடில் அந்தப் பையனே இருக்க மாட்டான்.

தமிழ்நாட்டில் இதை யாரிடமும் "சும்மா ஒரு கதைதானே" என்று சொல்லிவிட முடியாது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும் காவலில் இறந்துபோனதை நாம் எல்லோரும் ஊரடங்கில் வீட்டுக்குள் உட்கார்ந்து செய்தியில் பார்த்தோம். அந்த ஞாபகத்தோடு ஒருத்தர் திரையைப் பார்க்க மறுத்தால் அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வற்புறுத்தாதீர்கள். அதே ஞாபகத்தால்தான் பார்த்தே ஆக வேண்டும் என்பவரும் இருக்கிறார், என் தம்பி அந்த ரகம், அவனையும் ரத்தவெறி பிடித்தவன் மாதிரி பேசாதீர்கள்.

போலீஸ் வேலையில் இருந்தவர் வீட்டில் இருந்தால் உங்களுக்கு யோகம், அவரைப் பேச விடுங்கள். மாமா கண்டுபிடிக்கும் தப்புகள் தனி ரகம். சென்னை நகரத்துக்குள் நடக்கிற கதையில் ஸ்டேஷனுக்கு மேலதிகாரியாக டி.எஸ்.பி. வந்து நின்றால் விட மாட்டார், இங்கே இன்ஸ்பெக்டருக்கு மேலே உதவி ஆணையர். புகார் கொடுக்க வந்தவரிடம், புகாரைப் பதிந்துகொண்டதற்குக் கொடுக்கும் சி.எஸ்.ஆர். ரசீதைப் பற்றி யாருமே பேசாமல் நேரே எஃப்.ஐ.ஆர். என்று குதிப்பார்கள். டி.என்.ஏ. முடிவு மறுநாள் காலையில் மேசைக்கு வந்துவிடும். எல்லாவற்றையும் விட அவருக்கு ஆற்றாமை, தொடரில் யாரும் எழுதுவதே இல்லை என்பதுதான். "ஓடினதைவிட எழுதினதுதான்டா அதிகம், கேஸ் டைரி எழுதி எழுதியே என் விரல் இப்படி ஆச்சு" என்று நடுவிரலைக் காட்டுவார், நகத்துக்குப் பக்கத்தில் இன்னும் காய்ப்பு இருக்கிறது.

அவர் எழுந்து போனது ஒரே ஒரு தடவை. அடியும் இல்லை ரத்தமும் இல்லை அந்தக் காட்சியில். ஒரு வயதான ஏட்டு, அதிகாரியின் மகனுடைய ஸ்கூல் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கிறார், அவ்வளவுதான். போலீஸ்காரர்களை அதிகாரிகளின் வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளும் ஆர்டர்லி முறையை ஒழிப்பதாகத் தமிழ்நாடு அரசு 1979இலேயே ஆணை போட்டது, 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை மறுபடியும் கடுமையாகக் கேட்க வேண்டியிருந்தது. இந்தச் செய்தி எனக்கு முன்னாடியே தெரியும். மாமா பால்கனியில் போய் நின்ற பிறகுதான் அது எங்கள் வீட்டு விஷயமும்தான் என்று தெரிந்தது. அன்றைக்கு யாரும் எதுவும் கேட்கவில்லை. நீங்களும் அப்படி ஒரு சமயம் வந்தால் கேட்காதீர்கள், அவரே ஒரு நாள் சொல்வார்.

எழுந்து போனவருக்குக் கதை தெரியக் கூடாது என்று சஸ்பென்ஸ் காக்கிறேன் பேர்வழி என்று மட்டும் இருக்காதீர்கள். அந்த முதல் சனிக்கிழமைத் தொடரை நானும் தம்பியும் அடுத்த வாரம் தனியாகப் பார்த்து முடித்தோம். மறுநாள் காலையில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, முகத்தை நிமிர்த்தாமல், "அந்தப் பையனை விட்டாங்களா?" என்று கேட்டார். விட்டுவிட்டார்கள் என்றேன். "கால்?" என்றார். நொண்டிக்கொண்டேதான் போனான் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் ஆய்ந்தார். "சரி, அந்தக் கடைசி பாகத்தை மட்டும் சாயங்காலம் போடு" என்றார்.