வேதத்தை மூடிவிட்டு ஜெபிக்காதீர்கள்: வார வாசிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாசித்து முடித்தாயிற்று. நாடாவைப் பக்கத்தில் வைத்து வேதத்தை மூடுகிறோம். கண்களையும் மூடுகிறோம். ஜெபம் தொடங்குகிறது. குடும்பம், உடல்நலம், வேலை, பிள்ளைகளின் படிப்பு, பிரயாணத்தில் பாதுகாப்பு, ஆமென். போன வாரம் சொன்ன அதே வரிசை. அரை மணி நேரம் வாசித்த பகுதியிலிருந்து ஒரு சொல்கூட அந்த ஜெபத்துக்குள் வந்திருக்காது. எபேசியர் வாசித்த நாளிலும் அதே ஜெபம், எசேக்கியேல் வாசித்த நாளிலும் அதே ஜெபம்.

பல ஆண்டுகள் நானும் இப்படித்தான் இருந்தேன். வாசிக்கிறேன், ஜெபிக்கிறேன், வாரம் தவறுவதில்லை. பிறகு ஏன் விசுவாசம் நின்ற இடத்திலேயே நிற்கிறது என்று விளங்காமல் வருந்தியிருக்கிறேன். காரணம் மிக எளியது. வேதத்தின் வழியாகக் கர்த்தர் பேசியதைக் கேட்டுவிட்டு, அதற்கு ஒரு பதிலும் சொல்லாமல், முன்பே எழுதி வைத்திருந்த மனுவை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தேன். வேறு தவறுகளையும் இங்கே சொல்லப்போகிறேன். ஆனால் அவற்றில் பலவற்றுக்கு வேர் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

தானியேல் 9-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். எருசலேம் பாழாய்க் கிடக்கும் காலம் எழுபது வருஷம் என்று எரேமியாவுக்கு உண்டான வார்த்தையை அவர் வாசித்து அறிந்துகொள்கிறார். இது 2-ஆம் வசனம். 3-ஆம் வசனத்திலேயே உபவாசம், இரட்டு என்னும் துக்க உடை, சாம்பல், விண்ணப்பம். ‘கர்த்தர்தான் சொல்லிவிட்டாரே, இனி நடக்கும்’ என்று சுருளைச் சுருட்டி வைக்கவில்லை. வாசித்ததே அவரை முழங்காலுக்குத் தள்ளியது. அந்த ஜெபத்தின் சொற்களையும் கவனியுங்கள்: மோசேயின் நியாயப்பிரமாணத்தில் எழுதியிருக்கிற சாபம் வருகிறது, எகிப்திலிருந்து ஜனங்களை அழைத்துவந்த பலத்த கை வருகிறது. வருஷக்கணக்காக வாசித்தவை எல்லாம் ஜெபத்துக்கு மொழியாகி நிற்கின்றன.

அப்போஸ்தலர் 4-ஆம் அதிகாரத்திலும் இதே நடக்கிறது. பேதுருவும் யோவானும் இயேசுவின் நாமத்தில் இனிப் பேசக்கூடாது என்று மிரட்டி அனுப்பப்பட்டிருக்கிறார்கள். சபையார் கூடி ஜெபிக்கிறார்கள். ஜெபத்தின் நடுவிலே 2-ஆம் சங்கீதம் வருகிறது. ராஜாக்கள் கர்த்தருக்கு விரோதமாகக் கூடிநிற்பதைச் சொல்லும் அந்த வரிகளில், இயேசுவுக்கு விரோதமாய்க் கூடின ஏரோதையும் பிலாத்துவையும் அவர்கள் காண்கிறார்கள். பிறகு கேட்டது என்ன? ‘எங்களைக் காப்பாற்றும்’ என்று கேட்கவில்லை; வசனத்தைத் தைரியமாய்ச் சொல்ல அனுக்கிரகம் கேட்கிறார்கள். சங்கீதம் அவர்களுடைய விண்ணப்பத்தையே மாற்றிவிட்டது. நம்முடைய மனுக்கள் மாறாமலே இருப்பதற்குக் காரணம் இங்கே இருக்கிறது.

வாரந்தோறும் வாசிப்பது ஏதோ குறைவான பக்தி என்று சிலர் கூசுகிறார்கள். கூச வேண்டியதில்லை. ஓய்வுநாளில் ஜெபஆலயத்துக்குப் போய் எழுந்து நின்று ஏசாயாவை வாசித்த இயேசு, தம்முடைய வழக்கத்தின்படியே அதைச் செய்தார் என்று லூக்கா 4-இல் இருக்கிறது. 2-ஆம் நூற்றாண்டின் நடுவில் ரோமில் எழுதிய ஜஸ்டின் என்னும் இரத்தசாட்சி, ஞாயிறு ஆராதனையின் ஒழுங்கை விவரிக்கிறார்: அப்போஸ்தலர்களின் நினைவுக்குறிப்புகளோ தீர்க்கதரிசிகளின் எழுத்துகளோ நேரம் இடங்கொடுக்கும் வரைக்கும் வாசிக்கப்படும், பிறகு புத்திமதி, அதன்பின் எல்லாரும் ஒருமிக்க எழுந்து ஜெபிப்பார்கள். தினமும் வாசிக்க முடிந்தால் அது நல்லதுதான். முடியாதவர், வாரத்தில் ஒரு வேளையை உண்மையாய்க் கொடுத்தால் அதுவும் பழைய, உறுதியான பாதைதான்.

அப்படியானால் என்ன செய்வது? புத்தகத்தை மூடாதீர்கள். விரலை ஒரு வசனத்தின் மேல் வைத்து, ‘அவர்’ என்று இருப்பதை ‘நீர்’ என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். 23-ஆம் சங்கீதமே இதைக் கற்றுக்கொடுக்கிறது. முதல் மூன்று வசனங்களில் தாவீது கர்த்தரைப் பற்றிப் பேசுகிறார்: மேய்க்கிறார், கொண்டுபோய் விடுகிறார், ஆத்துமாவைத் தேற்றுகிறார். 4-ஆம் வசனத்தில் மரண இருளின் பள்ளத்தாக்கு வருகிறது. உடனே பேச்சு திரும்பிவிடுகிறது: ‘தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்.’ எத்தனையோ முறை மனப்பாடமாய்ச் சொன்ன சங்கீதம். இந்தத் திருப்பத்தை நான் கவனித்தது வெகு காலத்துக்குப் பிறகுதான். அன்றைக்கு அந்த ஒரு வசனத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

வசனத்தைப் பிய்த்தெடுப்பது

எரேமியா 29:11 எல்லாருக்கும் தெரியும். சமாதானத்துக்கேதுவான நினைவுகள், எதிர்பார்த்திருக்கும் முடிவு. தேர்வுக்குப் போகும்போதும் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் அதை உரிமை கொண்டாடுகிறோம். அது இருக்கும் அதிகாரம் ஒரு கடிதம். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து அனுப்பியது. 5-ஆம் வசனத்திலிருந்து வாசித்தால்தான் அதன் பாரம் தெரியும். வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், நீங்கள் போயிருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம்பண்ணுங்கள். சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று சொல்லும் தீர்க்கதரிசிகளை நம்பாதீர்கள். 10-ஆம் வசனத்தில் எழுபது வருஷம். அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டபோது நரைத்த தலையோடு உட்கார்ந்து கேட்டவர், தான் திரும்பிப் போகமாட்டேன் என்பதையும் சேர்த்தே கேட்டார். அதற்குப் பிறகுதான் 11-ஆம் வசனம்.

இப்படி வாசித்தால் வாக்குத்தத்தம் சிறுத்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். ஜெபம்தான் பெரிதாகிறது. ‘இந்த மாதமே இதை முடித்துத் தாரும்’ என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவர், தான் விரும்பி வராத இடத்துக்காகவும், தனக்குப் பிடிக்காத மனிதர்களின் நலனுக்காகவும் கேட்கத் தொடங்குகிறார். தானியேல் வாசித்தது இதே எரேமியாவின் வார்த்தைகளைத்தான். அவர் எழுபது வருஷத்தைத் தாண்டிக் குதித்து ஆறுதலை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

பிலிப்பியர் 4:13-உம் அப்படியே. ‘எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு’ என்று பவுல் எழுதியது கட்டுகளில் இருந்தபோது. அதற்கு முந்தின வசனங்கள் தாழ்ந்திருப்பதையும் வாழ்ந்திருப்பதையும், பட்டினியையும் திருப்தியையும் பற்றியவை. எண்ணங்கள் எல்லாம் கைகூடும் என்ற பேச்சே அங்கு இல்லை.

வசன எண்களை அந்த நூல்களை எழுதியவர்கள் போடவில்லை. அதிகாரப் பிரிவுகள் 13-ஆம் நூற்றாண்டில் வந்தவை. புதிய ஏற்பாட்டின் இப்போதைய வசன எண்கள் 1551-இல் அச்சான ஒரு பதிப்பில் வந்தவை. இடத்தைக் கண்டுபிடிக்க அவை உதவும். ஓர் எண்ணுக்குள் இருப்பது மட்டுமே ஒரு முழுச் செய்தி என்று எண்ணிவிடக் கூடாது.

அளவில் மயங்குவது

வேதாகமத்தின் 66 புத்தகங்களில் 1,189 அதிகாரங்கள். ஒரு வருடத்தில் முடிக்க வேண்டும் என்று வைராக்கியம் கொண்டு, வாரத்தில் ஒரு நாள் மட்டும் உட்கார்ந்தால், ஒரு அமர்வுக்கு ஏறக்குறைய 23 அதிகாரங்கள் வரும். கண் ஓடும், காது கேட்காது. ஆதியாகமத்தில் உற்சாகமாய்த் தொடங்கியவர்கள் யாத்திராகமம் 25-இல் ஆசரிப்புக்கூடாரத்தின் அளவுகள் வந்ததும் தளர்ந்துபோவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவர்களிடம் பக்தி குறைவு என்று நான் சொல்லமாட்டேன். தினசரி வாசிப்புக்காக வகுத்த திட்டத்தை வாரத்தின் ஒரு மணி நேரத்துக்குள் திணித்துக்கொண்டார்கள், அவ்வளவே.

மாற்கு 16 அதிகாரம். வாரத்துக்கு ஒன்றாக எடுத்தால் நான்கு மாதத்துக்குள் ஒரு சுவிசேஷம் முழுவதும் உங்களுக்குள் இறங்கியிருக்கும். பிலிப்பியர் நான்கே அதிகாரம், ஒரு மாதம் போதும். இடையில் ஒரு வாரம் தவறிவிட்டால் அதைக் கடனாக எழுதி வைத்து, அடுத்த வாரம் இரட்டிப்பாக வாசித்து அடைக்க வேண்டாம். விட்ட இடத்தில் தொடருங்கள். கடன் ஏற ஏற, வேதத்தைத் திறக்கவே கை தயங்கும்.

ஆறு நாள் மறந்திருப்பது

1-ஆம் சங்கீதம் இரவும் பகலும் தியானமாயிருப்பதைச் சொல்கிறது. அங்கே வரும் எபிரெயச் சொல் ‘ஹாகா’. வாய்க்குள் முணுமுணுப்பது என்பது அதன் பொருள். இரையின் மேல் நின்று உறுமும் சிங்கத்துக்கும் (ஏசாயா 31:4), புறாவின் கூவுதலுக்கும் (ஏசாயா 38:14) அதே சொல்தான். கண்ணை மூடி அசையாமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. பாத்திரம் கழுவும்போதும் பஸ்ஸுக்காக நிற்கும்போதும் ஒரு வரியை வாய்க்குள் வைத்துக்கொள்ளலாம். வாரம் ஒருமுறை வாசிப்பவருக்கு இது மற்றவர்களைவிட அதிகம் தேவை.

அண்மையில் ஒரு வாரம் எனக்கு 13-ஆம் சங்கீதம். ஆறே வசனங்கள். முதல் இரண்டு வசனங்களில் ‘எதுவரைக்கும்’ என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. அந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே என் வாழ்க்கையில் அது என்ன என்று எழுதினேன். முதல் மூன்றுக்கும் சட்டென்று பதில் வந்தது. நான்காவது, சத்துரு எதுவரைக்கும் தன்னை உயர்த்துவான் என்பது. எதிரே எழுத யாருடைய பெயரும் இல்லை. நெடுநாளாய் விடாத ஒரு பயம்தான் இருந்தது. அதை எழுதினேன். புதன்கிழமை வரைக்கும் ‘எதுவரைக்கும், கர்த்தாவே’ என்பதைத் தவிர வேறொன்றும் ஜெபிக்கவில்லை. 5-ஆம் வசனத்தின் ‘நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்’ என்பதை வெள்ளிக்கிழமைதான் வாய் சொன்னது. ஞாயிறன்றே அதைச் சொல்லியிருந்தால் அது வெறும் உதட்டோடு நின்றிருக்கும்.

பிறருக்காகவும் தனியாகவும்

‘இந்த வசனம் அவருக்குச் சரியாகப் பொருந்தும்’ என்று தோன்றும் நொடியில் எச்சரிக்கையாயிருங்கள். பிறன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த ஐசுவரியவானைப் பற்றி நாத்தான் தீர்க்கதரிசி சொன்ன கதையைக் கேட்டுக் கோபத்தால் கொதித்ததும் அப்படித்தான். ‘நீயே அந்த மனுஷன்’ என்ற பதில் வந்தது (2 சாமுவேல் 12:7).

எதையும் யாரிடமும் கேட்காமல் தனியாகவே வாசிப்பதும் தவறுதான். ஏசாயாவை வாசித்துக்கொண்டே இரதத்தில் போன எத்தியோப்பிய மந்திரி, கருத்து தெரியுமா என்று பிலிப்பு கேட்டபோது, ஒருவன் தெரிவிக்காவிட்டால் எனக்கு எப்படித் தெரியும் என்றார். பெரிய பதவியில் இருந்தவர் அதைச் சொல்லக் கூச்சப்படவில்லை. நம்முடைய பழைய மொழிபெயர்ப்பின் சில சொற்களுக்கு அந்தத் தாழ்மை நமக்கும் தேவை. ‘மாம்சம்’ என்றவுடன் உடலின் இச்சைகள் மட்டுமே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. கலாத்தியர் 5-இல் மாம்சத்தின் கிரியைகள் என்று பவுல் அடுக்கும் பட்டியலில் பகை, கோபம், சண்டை, பிரிவினை, பொறாமை எல்லாம் இருக்கின்றன. இது தெரியாமல் அந்தப் பகுதியை ஜெபமாக்கினால், நம்முடைய சண்டைகளை அறிக்கையிடாமலே எழுந்துவிடுவோம். புதிய மொழிபெயர்ப்பு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நன்றாய் அறிந்த ஒருவரிடம் கேளுங்கள்.

ஒன்றும் எழாத வாரங்கள்

வாசித்தும் ஒரு சொல்கூட எழாத வாரங்கள் வரும். அப்போது பலர் பிழையாக ஒன்றைச் செய்கிறார்கள்: இல்லாத உற்சாகத்தைக் குரலில் வரவழைத்துக்கொள்கிறார்கள். அல்லது, மனம் சரியான பிறகு வாசிக்கலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். அந்த வாரங்களில் 88-ஆம் சங்கீதத்தை எடுத்து, அவசரமில்லாமல் சத்தமாக வாசியுங்கள். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்புவதில்லை. சிநேகிதனும் தோழனும் விலகிப்போய், இருளிலேயே முடிகிறது. ஆனாலும் முதல் வரியில் ‘என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே’ என்று கூப்பிட்டவர், கடைசி வரி வரைக்கும் அவரிடமேதான் பேசிக்கொண்டிருக்கிறார். வாசித்து முடித்ததும் ஆமென் சொல்லுங்கள். அன்றைக்கு வேறு ஜெபம் தேவையில்லை.