இல்லாததைத் தேடி டிஸ்க்கைத் தட்டாதீர்கள்: புளூம் ஃபில்டர்

டேட்டாபேஸில் தேடும் சாவி (ஒரு பதிவை அடையாளம் காட்டும் key) பெரும்பாலும் இல்லாமலே போகிறதா? டேட்டாபேஸுக்கு முன்னால் ஒரு புளூம் ஃபில்டரை வையுங்கள். சாவி இருக்கிறதா என்று 0, 1 பிட் வரிசை ஒன்றைப் பார்த்தே சொல்லும் வடிகட்டி அது. 1970-ல் வந்த பழைய உத்திதான். 'இல்லை' என்றால் இல்லவே இல்லை. 'இருக்கிறது' என்றால் மட்டும் டிஸ்க்கில் போய்ப் பாருங்கள்.

1% பொய் 'இருக்கிறது' பரவாயில்லை என்றால் ஒரு சாவிக்குச் சுமார் 9.6 பிட், 7 ஹாஷ் (சாவியிலிருந்து, 1 ஆக்க வேண்டிய பிட்டின் இடத்தைத் தரும் கணக்கு) போதும். தேடும்போது அந்த ஏழு பிட்டில் ஒன்று 0 ஆக இருந்தாலும் சாவி இல்லை. 1 கோடி சாவிக்கு வெறும் 12 எம்பி! ஏழு ஹாஷையும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டாம். இரண்டை எடுத்து முதலாவது + i × இரண்டாவது (i = 0 முதல் 6 வரை) என்று கூட்டிக்கொண்டே போனால் சரி.

பலர் கோட்டைவிடுவது அளவில்தான். 1 கோடிக்கு அமைத்ததில் 2 கோடியைத் திணித்தால் பிழை 2% அல்ல, ஏறக்குறைய 16%. எனவே வளர்ச்சியையும் சேர்த்தே அளவெடுங்கள். சாவியை நீக்குகிறேன் என்று பிட்டை 0 ஆக்கிவிடாதீர்கள். அதே பிட்டைப் பகிரும் வேறு சாவியும் காணாமல் போகும். நீக்கியே ஆகவேண்டுமென்றால் ஒவ்வொரு பிட்டுக்கும் பதில் ஒரு 4 பிட் கவுண்டரை வையுங்கள் (சேர்த்தால் ஒன்று கூட்டி, நீக்கினால் ஒன்று குறைக்க), இடம் நாலு மடங்காகும்.