தொடக்ககால வனச்சரகர் குடும்பத்தைப் பற்றி எழுதுவது எப்படி?

அமெரிக்க வனப்பணித்துறை 1905-இல் உருவான காலத்தில் மேற்கு மலைக்காடுகளில் குடியமர்ந்த ஒரு சரகரின் குடும்பத்தைப் பற்றி எழுத விரும்புவோர், முதலில் அவருடைய அலுவல் நாட்குறிப்பைத் தேடி எடுக்க வேண்டும். அன்றாட வேலையை அதில் பதிவது கடமையாக இருந்ததால், பாதை வெட்டியதும் வேலி அடைத்ததும் மேய்ச்சல் ஆடுகளை எண்ணியதும் கிடைக்கும். மனைவியின் பெயர்தான் அரிதாகத் தட்டுப்படும். எனவே, சரகர் வெளிச்சுற்றில் இருந்த தேதிகளைத் தனியே குறித்துக்கொண்டு, அந்நாட்களில் தொலைபேசியை எடுத்தவர் யார், தீயணைக்க வந்தவர்களுக்குச் சமைத்துப் போட்டவர் யார் என்று தேட வேண்டும். பெரும்பாலும் அது சம்பளமே இல்லாத மனைவிதான். மரத்துக்கு மரம் ஒற்றை இரும்புக் கம்பி இழுத்து அமைத்த அத்தொலைபேசியில், கைப்பிடியைச் சுழற்றித்தான் மணியடிக்க வேண்டும். பல வீடுகளுக்கு ஒரே கம்பி என்பதால், நெடிய மணியும் குறுகிய மணியும் மாறிமாறி ஒலிக்கும் முறையை வைத்தே அழைப்பு யாருக்கென்று அறிந்தார்கள்.

அடுத்து வீட்டுச் செலவு. குதிரையையும் சேணத்தையும் சரகரே வாங்க வேண்டியிருந்ததைக் கணக்கில் சேர்க்காவிட்டால், அவருடைய சம்பளம் உண்மையைவிடப் பெரிதாகத் தோன்றும். பிள்ளைகளின் வயதை 1910, 1920 மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களில் காணலாம்.

குடும்பம் ஐடஹோவிலோ மொன்டானாவிலோ வாழ்ந்திருந்தால், ஏறத்தாழ 30 லட்சம் ஏக்கரை அழித்த 1910 ஆகஸ்ட் பெருந்தீக்கு ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கலாம். 1913-இல் கலிபோர்னியாவில் ஹாலி டாகெட் என்ற பெண் தீக்கண்காணிப்பாளராக நியமிக்கப்பட்டதையும் குறிப்பிடலாம். சரகர்களின் மனைவியரைப் போலன்றி, அவர் செய்தது சம்பளம் பெற்ற பணி என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது.