இறுகிய ஈ.ஜி.ஆர். குழாய் நட்டைக் கழற்றுவது எப்படி?

முல்லைத்தீவுக் கரையோரம் ஓடிய பழைய கார்களில், எக்ஸோஸ்ட் மனிபோல்டில் (எஞ்சின் புகை வந்து சேரும் பகுதி) பூட்டிய ஈ.ஜி.ஆர். குழாயின் (புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்கு அனுப்பும் குழாய்) நட்டு சூட்டாலும் உப்புக்காற்றுத் துருவாலும் மரையோடு ஒட்டிவிடும். எஞ்சின் ஆறியபின் மரையைக் கம்பித் தூரிகையால் துலக்கி, துரு இளக்கும் எண்ணெய் விட்டு, இரவு முழுக்க ஊறவிடுங்கள்.

வாய் திறந்த ஸ்பனர் மூலைகளைத் தின்றுவிடும். குழாய் நட்டுக்கென்றே உள்ள, குழாய் நுழைய வெட்டுவிட்ட வளைய ஸ்பனர்தான் சரி. அசையாவிட்டால் பற்றரியைக் கழற்றி, எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு, நட்டை மட்டும் மங்கற்சிவப்பாகும்வரை சூடாக்குங்கள். பெற்றோல் லைன் பக்கத்தில் என்றால் நெருப்பே வேண்டாம். சற்று ஆறியதும் மெழுகுதிரியை மரையில் வைத்தால் உருகி உள்ளே இழுபடும். கால் சுற்றுத் தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்துங்கள்.

நட்டோடு குழாயும் சுழன்றால் உடனே நிறுத்துங்கள், முறுகிக் கிழியும். புதுக்குழாய் கைவசம் இருந்தால் பழையதை நட்டோரம் அறுத்து, ஆறுமூலைச் சொக்கெற்றால் கழற்றலாம்.