‘ஃபுல் ஹவுஸ்’: கிளப்பில் பதிவான ஒரு ஜாஸ் கிட்டார் தொகுப்பைக் கேட்கும் முறை

ஜாஸ் கிட்டாருக்குப் புதியவர்கள் ஸ்டுடியோ பதிவைவிட, ரசிகர்கள் முன்னிலையில் கிளப்பில் பதிவான தொகுப்பிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. வாசிப்பு எந்த இடத்தில் சூடுபிடித்தது என்பதை அங்கே கைதட்டலே காட்டிக்கொடுத்துவிடும். அவ்வகையில் நான் முதலில் பரிந்துரைப்பது, 1962 ஜூன் 25 அன்று கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் ட்ஸூபோ கிளப்பில் கிட்டார் கலைஞர் வெஸ் மான்ட்கோமரி வாசித்த ‘ஃபுல் ஹவுஸ்’. டெனர் சாக்ஸஃபோனில் ஜானி கிரிஃபின் இருக்கிறார். பியானோவில் விண்டன் கெல்லி, பாஸில் பால் சேம்பர்ஸ், டிரம்ஸில் ஜிம்மி காப் ஆகிய மூவரும் அக்காலத்தில் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவில் சேர்ந்து வாசித்துவந்தவர்கள்.

முதல் முறை கேட்கும்போது கிட்டாரைத் தேடாதீர்கள். தலைப்பு உருப்படி மூன்று எண்ணிக்கையில் நடப்பது. காப்பின் சிம்பலோடு சேர்ந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று விரலால் தட்டி, அந்த நடை உடலில் பதிந்த பிறகே மேலே செல்லுங்கள்.

இரண்டாம் முறை, மூன்றாவது உருப்படியான ‘ப்ளூ அண்ட் பூகி’யை எடுத்துக்கொள்ளுங்கள். இது பன்னிரண்டு பார், அதாவது தாளப் பகுதிகள், கொண்ட ப்ளூஸ். பாருக்கு நான்கு எண்ணிக்கையாக நாற்பத்தெட்டு எண்ணிக்கை முடிந்ததும், நம் தாள ஆவர்த்தனத்தைப் போல, மீண்டும் முதலிலிருந்து சுழலும். வேகம் அதிகம் என்பதால் எண்ணிக்கை தவறத்தான் செய்யும். அப்போது நிறுத்திப் பின்னோக்கிச் செல்லாமல், ஐந்தாவது பாரில் கார்டு (ஒருசேர ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு) மாறுவதைச் செவியால் பிடித்து அங்கிருந்து தொடருங்கள். வாசிப்பவரின் மனோதர்மம் எங்கு சுற்றினாலும் இந்தச் சுழற்சிக்குள்தான் சுற்றுகிறது என்பது பிடிபட்டுவிட்டால், வெறும் வேகமாகத் தோன்றியது பேச்சாகக் கேட்கத் தொடங்கும்.

அதன் பிறகு கிட்டாருக்கு வாருங்கள். மான்ட்கோமரி பிக் எனப்படும் மீட்டும் சிறு தகட்டை வைத்துக்கொள்ளாமல் கட்டைவிரலின் சதைப்பகுதியால் மீட்டுவார். அவருடைய ஒலியின் உருண்ட தன்மைக்கு அதுவே முதற்காரணம். அவரது தனி வாசிப்பு பெரும்பாலும் மூன்று படிகளில் ஏறும். முதலில் ஒற்றை ஸ்வரங்கள் வரும். அடுத்து, ஒரே ஸ்வரத்தை இரு ஸ்தாயிகளில் ஒருசேர ஒலிக்கச் செய்யும் ஆக்டேவ்கள் வரும். இடையிலுள்ள தந்தியை இடக்கை விரலால் அடக்கிக்கொண்டு, இரண்டு தந்திகளை மட்டும் பேசவிடும் நுட்பம் இது. இறுதியில் மெட்டையே முழுமுழுக் கார்டுகளாக வாசிப்பார். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு அவர் தாவும் கணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் தாவும்போது டிரம்ஸ் என்ன செய்கிறது என்பதை மறுமுறை கேளுங்கள்.

கெல்லியும் கிரிஃபினும் ஒதுங்கிக்கொள்ளும் ‘ஐவ் க்ரோன் அக்கஸ்டம்ட் டு ஹர் ஃபேஸ்’ மெதுவான உருப்படி. கார்டுகளை மான்ட்கோமரி எவ்வளவு நிதானமாக அடுக்குகிறார் என்பதை ஆராய இதைவிட நல்ல இடமில்லை.

பிந்தைய சிடி வெளியீடுகளில் ‘எஸ்.ஓ.எஸ்.’ உருப்படியின் மாற்றுப் பதிவும் சேர்க்கப்பட்டிருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டு, எழுதப்பட்ட மெட்டு எங்கே முடிகிறது, இரு பதிவுகளும் எங்கிருந்து வெவ்வேறு வழியில் பிரிகின்றன என்பதைத் தாளில் குறித்துப் பாருங்கள்.